சாவியைப் பிடுங்கிய கை

சாட்சியே, உங்களைத்தான் அழைக்கிறேன். இந்தப் பக்கத்தைத் திறந்த குற்றத்துக்காக நீங்கள் கூண்டில் ஏறியாக வேண்டும். சத்தியப் பிரமாணம் வேண்டாம். நான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, பிற்பாடு யாராவது விசாரித்தால் கேட்டதைக் கேட்டபடி சொன்னால் போதும். ஒரு மனிதருக்குப் போய்ச் சேராத மாத்திரை எப்படி ஒரு வழக்காக மாறியது என்பதுதான் விஷயம்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒலிபெருக்கி கட்டிய மேடைகளில் என் குரல் படாதவை குறைவு. பட்டிமன்றத்தில் எந்த அணிக்கும் பேசுவேன். சின்னசேலத்தில் வெல்லவைத்த கட்சியை மறுவாரமே ரிஷிவந்தியத்தில் மண்ணைக் கவ்வவைத்திருக்கிறேன். இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சி மூண்ட ஆண்டுகள் அவை. சாலைதோறும் மரங்கள் சாய்ந்தன. வெட்டியவர்கள் கூலிக்காரர்கள்; வெட்டிய மரத்தின்மேல் ஏறிப் பேசியவன் நான். அப்படிக் கிடந்த ஒரு புளியமரத்தின்மீது நின்று, தலைமுறைகளின் அநீதியைப் பற்றிய உரையின் இரண்டாம் பகுதியை நான் தொடங்கியபோது போலீஸ் வேன் வந்தது. அந்தப் பகுதியை முடிக்க விடவில்லை. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம் உண்டு.

கொண்டுபோய் ஒரு கிளைச் சிறையில் அடைத்தார்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஊர் மாறினாலும் நாற்றம் மாறாது. ஒரே கூடத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர். என் பாய்க்கு அடுத்த பாய் கல்வராயன் மலைக்காரர் ஒருவருடையது. நாற்பதைத் தாண்டிய, எலும்பும் தோலுமான மனிதர். ஏர்க்காலுக்காகக் காப்புக்காட்டில் ஒரு மரம் வெட்டினார் என்பது அவர்மீதான வழக்கு. சாலையோரப் புளியமரத்தை வெட்டினால் தலைவன், காட்டுமரத்தை வெட்டினால் திருடன் என்ற நுட்பமான சட்ட வேறுபாட்டை அங்கேதான் கற்றேன்.

அவருக்கு வலிப்பு நோய், பல ஆண்டுகளாக. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து நடந்து இறங்கி, பஸ் பிடித்து, அரசு மருத்துவமனை வரிசையில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். மாத்திரை வயிற்றில் இருக்கும்வரை நோய் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். கைதானபோது மடியில் மாத்திரை இருந்தது. அதைச் சிறைவாசலில் பீடிக்கட்டோடு சேர்த்துக் கட்டி, முத்திரை வைத்து, அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டார்கள். அரசாங்கம் எதையும் தொலைப்பதில்லை. உரியவருக்குத் தருவதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி வேறொரு பொட்டலம் கொண்டுவந்தார். வார்டர் அதை மோந்து பார்த்தார்.

“மலையிலருந்து எது வந்தாலும் உள்ள சாராயம் இருக்கும்.”

“மாத்திரைங்க அது, சாமி.”

“மாத்திரையில மட்டும் இருக்காதா? டாக்டர் சீட்டு கொண்டா, அப்பறம் பாக்கலாம்.”

சீட்டு வேண்டுமென்றால் கைதி டாக்டரிடம் போக வேண்டும். போக வேண்டுமென்றால் துப்பாக்கி பிடித்த இரண்டு போலீஸ்காரர்கள் வழிக்காவலாக வர வேண்டும். போலீஸ்காரர்கள் எல்லாரும் சாலையில் என்னைப் போன்றவர்களிடமிருந்து மரங்களைக் காத்துக்கொண்டிருந்தார்கள். எப்போதாவது ஒரு ஜோடி வரும். ஒரு கைதியை அழைத்துப் போகும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மலைக்காரர் பெயரை எழுதியிருந்தார்கள். மாத்திரை இல்லாமல் அவருக்கு அது ஆறாம் நாள். தினமும் காலையில் தம் விரல்களை நீட்டி, நடுங்குகிறதா என்று தாமே பார்த்துக்கொள்வார்.

திங்கட்கிழமை எங்கள் கிளர்ச்சியின் வட்டாரப் பொறுப்பாளர் என்னைப் பார்க்க வந்தார். முகத்தில் அதிருப்தி.

“உள்ள வந்து நாலு நாளாவுது. உனக்கு இன்னும் நெஞ்சு வலி வரல?”

“எனக்கு உடம்புக்கு ஒன்னும் இல்லீங்களே.”

“யாருக்குத்தான் இருக்குது? தலைவருன்னா உள்ள போனதும் நெஞ்சு வலிக்கணும்யா. ஜனம் கேக்குது. ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கினு ஒரு போட்டோ, அது போதும். விழுப்புரத்துலருந்து ஆள் சொல்லியாச்சு.”

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு நெஞ்சு வலி வந்தது. இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதில் மட்டும் ஒரு கணம் தயங்கினேன். வார்டர் தயங்கவே இல்லை. பேச்சாளன் உள்ளே செத்தால் வெளியே எத்தனை பஸ் எரியும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். மலைக்காரருக்காக வந்து நின்ற வழிக்காவல் எனக்காகத் திரும்பியது. அவர் தலைவாரி, துண்டை மடித்துத் தோளில் போட்டு, மங்கிப்போன மருத்துவமனைச் சீட்டைக் கையில் பிடித்தபடி கதவருகே தயாராக நின்றிருந்தார். எனக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

“நீ போய்ட்டு வா தம்பி. நெஞ்சுன்னா சும்மாவா? எனக்கு அடுத்த செவ்வா இருக்குது.”

மருத்துவமனையில் எனக்கு வாய்த்தவர் இளம் பெண் டாக்டர். கருவியை மார்பில் ஒட்டிப் படம் எடுத்தார். நாடா நெடுக மலையும் பள்ளமுமாக என் இதயம் சீராகத் துடித்திருந்தது.

“எங்க வலிக்குது?”

காட்டினேன்.

“சித்த முன்னாடி அந்தப் பக்கம் காட்டினீங்க.”

“வலி நகருதுங்க, டாக்டர்.”

“உங்க ஆளுங்க போட்டோகாரரைத் தேடிக்கினு வாசல்ல நிக்கறாங்க. அவர் வந்ததும் நின்னுடும்” என்றார். பிறகு பதிவேட்டைப் புரட்டியபடி, என்னிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்: “இன்னிக்கு மலையிலருந்து ஒருத்தர் வரணும். மழைன்னாலும் வெயில்னாலும் விட்டதே இல்ல. காணோமே.”

சாட்சியே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று நான் சொல்லியிருந்தால், டாக்டர் அங்கேயே சீட்டு எழுதியிருப்பார். அதே வழிக்காவலிடம் கொடுத்தனுப்பியிருப்பார். அணுவைப் பற்றியும் அண்டத்தைப் பற்றியும் தயாரிப்பே இல்லாமல் பேசக்கூடிய நான் வாய் திறக்கவில்லை. திறந்தால், அவருடைய முறையில் நான் எப்படி வந்தேன் என்ற அடுத்த கேள்வி வரும். போட்டோகாரரோ இன்னும் வரவில்லை. டாக்டர் சத்து ஊசி ஒன்றை எழுதிவிட்டுப் போனார். அந்த இரண்டு நாளில் எனக்கு உண்மையாக வலித்தது அது மட்டும்தான். கட்டிலைச் சுற்றிச் சாத்துக்குடி குவிந்தது. போட்டோ நன்றாக விழுந்தது.

புதன்கிழமை மாலை திரும்பினேன். மலைக்காரர் என் நெஞ்சை விசாரித்தார். சாத்துக்குடி இரண்டு கொடுத்தேன். என் தாராளத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை நண்பகல். சோற்று வாளி உள்ளே வருவதற்காக வார்டர் கதவைத் திறந்து நின்றார். தட்டை ஏந்தியபடி மலைக்காரர் அப்படியே சாய்ந்தார். கண் செருகியது, வாயில் நுரை தள்ளியது, குதிகால் தரையை உதைத்தது. கூடமே ஒரே குரலில் கத்தியது: “கையில இரும்பு குடுங்கடா! இரும்பு!”

வலிப்புக்கு எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது அது. இழுக்கும் ஆள் கையில் சாவியைத் திணிப்பார்கள். மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறித்து நான் எத்தனை மேடைகளில் பேசியிருப்பேன்! அந்த நொடியில் அத்தனை முறிவும் கூடிக்கொண்டது. சிறைக்குள் ஒரு மனிதன் கைக்கு எட்டும் தூரத்தில் சாவி என்றால் வார்டர் இடுப்பில் தொங்குவது ஒன்றுதான். பாய்ந்தேன், பிடுங்கினேன், மலைக்காரரின் முறுக்கிய விரல்களுக்குள் கொத்தாகத் திணித்தேன். கதவு திறந்து கிடக்கிறது. சாவி கைதியின் கையில். பிறகுதான் வார்டரின் ஊதல் கேட்டது.

வலிப்பு தானாகவே அடங்கியது. இரும்புக்கு அதில் பங்கில்லை என்று பின்னர் அறிந்தேன். வார்டர் முதலில் சொன்னது, “நடிக்கிறான்.” என் நெஞ்சு வலியை நம்பிய அதே வாய். அடுத்து அவர் காகிதத்தை எடுத்தார்: கைதி சாவியைப் பறித்துத் தப்பிக்க முயன்றான்.

“எழுதறது யார் பேருங்க?” என்று கேட்டேன்.

“சாவி யார் கையில இருந்துச்சு?”

“பிடுங்கினது நான். நீங்களே பார்த்தீங்க.”

வார்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, பாடம் சொல்லும் பொறுமைதான் இருந்தது. “நீ நாளைக்கு வெளிய போற புள்ள. உன் பேரை எழுதுனா ரோட்ல இன்னும் நாலு மரம் வுழும். அவன் பேரை எழுதுனா இன்னா வுழப்போவுது?”

என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமான, மறுக்க முடியாத வாதத்தை எந்த எதிரணியும் வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு ஜாமீன். வாசலில் மாலைகளுக்கும் கோஷத்துக்கும் அப்பால், அதே பொட்டலத்தை இறுகப் பிடித்தபடி மலைக்காரரின் மனைவி நின்றிருந்தார். அவர் கணவரின் ஜாமீன் மனு திங்கட்கிழமை வருகிறது. தப்பிக்க முயன்றவனுக்கு ஜாமீன் இல்லை. ஜாமீன் இல்லாவிட்டால் மாத்திரையும் இல்லை. அடுத்த முறை சாயும்போது தலை எதில் மோதும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. இதெல்லாம் அந்த அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்குப் புரியாதது ஒன்றே ஒன்று.

“சாவியப் புடுங்கினாராமேங்க. அது இன்னாத்துக்கு அவருக்கு? எங்க வூட்டுக்குப் பூட்டே கெடையாதுங்க.”

அன்று மாலை கள்ளக்குறிச்சியில் எனக்கு வரவேற்பு. மலைக்குப் போகும் பஸ் அங்கிருந்துதான் புறப்படும் என்பதால் அவரையும் எங்கள் காரிலேயே அழைத்து வந்தேன். கூட்டத்தின் ஓரத்தில், குழல்விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொறுப்பாளர் என்னை அறிமுகப்படுத்தினார்: “நெஞ்சே வெடித்தாலும் நெஞ்சுரம் தளராத இளஞ்சிங்கம்!” கைத்தட்டல். நான் எழுந்து, எனக்கு நெஞ்சு வலி வரவே இல்லை என்றேன். அதற்கும் தட்டினார்கள், அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை வந்த வழிக்காவல் ஒரு நோயாளியுடையது, அதை நான் திருடினேன் என்றேன். தட்டல் பாதியில் நின்றது. பொறுப்பாளர் கண்ணைக் காட்ட, ஒலிபெருக்கிக்காரர் கம்பியை உருவினார்.

அதுவரை ஒலிபெருக்கி இல்லாமல் எந்த மேடையிலும் நான் பேசியதே இல்லை. வலது கையைத் தூக்கினேன். கம்பத்தடியில் நின்ற அந்த அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்:

“வார்டர் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிய கை இது. திங்கட்கிழமை அவர் மனுவைக் கூப்பிடும்போது, கோர்ட்டில் நடுவர் முன்னால் இந்தக் கையைத் தூக்கி இதையே சொல்வேன். என் ஜாமீன் போனால் போகட்டும். செவ்வாய்க்கிழமை வழிக்காவல் வந்து அவரை டாக்டரிடம் கூட்டிப் போகும்வரை அந்தச் சிறைவாசலைவிட்டு நகர மாட்டேன்.”