காரிலிருந்து நடத்திய கணக்கியல் வகுப்பு

கொழும்பில் அம்மா நடத்திவந்த வர்த்தகப் பயிற்சி நிலையம், பொருளாதார நெருக்கடியில் நாடு கொந்தளித்த மாதங்களில் மின்சாரமும் பஸ்ஸும் இல்லாமல் ஓய்ந்துபோனது. மாடியிலிருந்த வாடகை மண்டபத்தைப் பூட்டிவிட்டு, வகுப்புகளைக் கைப்பேசிக்கு மாற்றினார். கணக்கியலை நான் ஏற்றுக்கொண்டேன். அங்கே மாலை என்றால் இங்கே அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் காலை. ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, அதிலிருந்தே பாடம் எடுப்பேன்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "இந்தப் பிள்ளையள் சோதனை எழுதுமட்டும் இழுத்துக் குடு. சேட்டிபிக்கேட் இல்லாட்டி அதுகளுக்கு வேலையும் இல்லை, வெளிநாடும் இல்லை. பிறகு பூட்டினாலும் பரவாயில்லை."

என் வேலை தரவுகளை ஒழுங்குபடுத்துவது. மாணவர்கள் இருக்கும் பகுதிகளையும் மின்வெட்டு நேரங்களையும் பொருத்தி, ஒரே நேரத்தில் கரண்ட் உள்ளவர்களை ஒரே குழுவாக்கினேன். அட்டவணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதல் வகுப்பைப் பார்த்துவிட்டு அம்மா அழைத்தார்.

"பற்று வரவு தெரியாதவளையும் இறுதிக் கணக்குச் செய்யிறவனையும் ஒண்டா இருத்தியிருக்கிறாய். லைட்டைப் பாத்தே, பிள்ளை, வகுப்புப் பிரிக்கிறது?"

"லைட் இருந்தாத்தானே அம்மா படிக்கலாம்."

அடுத்த வகுப்பில் ஒரு மாணவன், "மிஸ், எங்கட குரூப்பில கரண்ட் இருக்கு, மூளைதான் இல்லை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். குழுவைப் பிரித்து நடத்த வேறு நேரம் கிடைக்கவில்லை. முன்பாதியைப் புதியவர்களுக்கும் பின்பாதியைச் சோதனை எழுதுபவர்களுக்கும் ஒதுக்கினேன்.

அரசுக்கு எதிரான போராட்டம் வலுத்த வாரத்தில் வகுப்பு வெறிச்சோடியது. சோதனை எழுத இருந்த ஒருத்தி மட்டும் கோஷங்களுக்கு நடுவிலிருந்து பேசினாள்.

"மிஸ், போராட்டத் திடல்ல நிக்கிறன். தேய்மானம் இன்னொருக்காச் சொல்லுவீங்களோ?"

"அங்க நிண்டு எப்பிடிப் படிப்பீர்?"

"வீட்டில கரண்ட் இல்லை மிஸ். இங்க ஜெனரேட்டர் இருக்கு."

"அப்ப கோஷம் போட வரேல்லையோ?"

"அதுவும் போடுறன். நீங்க சொல்லுங்கோ."

தேய்மானக் கணக்கை முதலிலிருந்து சொன்னேன். என் அட்டவணையில் அந்தத் திடலுக்கு இடமே இருக்கவில்லை. அடுத்த நாள் மற்றவர்களும் அவளுடைய கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

சோதனை தள்ளிப்போய், ஒருவழியாக நடந்தது. அன்று காலை காரில் காத்திருந்தேன். அம்மா அழைத்தார்.

"எல்லாரும் எழுதிட்டினம். நாளைக்கு மண்டபத்துப் பூட்டுத் திறப்பை உரிமையாளரிட்டக் குடுக்கப் போறன்."

"புதுசாப் படிக்க ஒருத்தரும் வரேல்லையோ?"

"படிக்கிற வயசு முழுக்கப் பாஸ்போட் வரிசையில நிக்குது, பிள்ளை."

அவர் குரலில் வருத்தம் இல்லை. வகுப்பு மேசைகளை வாங்க யாரோ வந்திருப்பதாகச் சொல்லி, அழைப்பைத் துண்டித்தார்.