மூன்றில் இரண்டு பங்கு பூஜ்ஜியம்

"அறை நிறைய மெஷினாம். மூணுல ரெண்டு பங்கு எவ்வளவுன்னு கேட்டா சைபர்னு சொல்லுதாம்!" எங்கள் ஊர் காக்ஸ் டவுன் பேக்கரியில் யாரோ சொல்லிச் சிரித்ததை என் தோழி சரளா கடிதத்தில் எழுதியிருந்தாள். லண்டனில் உட்கார்ந்து படித்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் படிப்பதற்காகக் கணக்குகளைக் கார்டு அட்டைகளில் ஓட்டைகளாகத் துளைப்பவள் என் அக்கா பிரிஜெட்.

மீதியை அக்காவே பிறகு சொன்னாள்.

அது அறுபத்தாறாம் வருஷம். விமான இறக்கைகளுக்குக் கணக்குப் போடும் ஓர் அலுவலகத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் அந்த வெள்ளிக்கிழமை மாலை போகவிருந்தது; அதில் அவள் பெயர் வர வேண்டும். தாளில் இருப்பதை அப்படியே துளைப்பதுதான் அவள் தொழில். அம்மாவின் மளிகைச் சீட்டைப் படியெடுத்தால்கூடப் பிழைகளைத் திருத்த மாட்டாள்.

இன்ஜினியர் சீனிவாசராகவனின் இறக்கைக் கணக்குக்கு விடை முழுக்கப் பூஜ்ஜியமாக வந்தது. அதிகாரி நாராயணசாமி அக்காவைக் கூப்பிட்டார்.

"இன்ஜினியர் தப்பு பண்ண மாட்டார். மெஷினும் பண்ணாது. அப்போ யாரும்மா?"

மெஷின் அறையில் கம்ப்யூட்டரை ஓட்டும் டென்சில், "என்ன மேன் பிரிஜெட், இறக்கையையே ஒடிச்சிட்டியாமே!" என்று சீண்டினாலும், சாப்பாட்டு வேளையில் அவளுக்காக மெஷினை ஓட்டினார். அக்கா 2/3 என்று ஒரு கார்டும், 2.0/3.0 என்று இன்னொன்றும் துளைத்திருந்தாள். முதலாவதற்குப் பூஜ்ஜியம், அடுத்ததற்கு 0.6667.

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால், மெஷின் பின்னத்தை வெட்டி எறிந்துவிடுகிறது. சீனிவாசராகவன் இருபது வருஷம் ஸ்லைடு ரூல் என்ற கணக்குக் கோலைத் தள்ளியவர். அதில் தசமப் புள்ளி எங்கே என்பதை மனத்திலேயே வைத்துக்கொள்வார்கள். அதே பழக்கத்தில் இங்கும் புள்ளி வைக்காமல் விட்டுவிட்டார். பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

அக்கா கொண்டுபோய்க் காட்டிய விடைத் தாளை நாராயணசாமி புரட்டிப் பார்த்தார். "தப்பு அவரோடதுன்னு நீ சொல்லி நான் எழுத முடியாதும்மா. அவரே சொல்லட்டும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அவர்கிட்டேர்ந்து போன் வந்தா பட்டியல்ல உன் பேரைச் சேர்த்துடறேன்."

சீனிவாசராகவன் லீவில் மல்லேஸ்வரம் வீட்டில் இருந்தார். நாலே முக்காலுக்கு டென்சிலின் மேஜையிலிருந்து அக்கா அவர் வீட்டு எண்ணைச் சுழற்றினாள்.

"எடுப்பாரு மேன், தூங்கிட்டிருப்பாரு," என்றார் டென்சில்.

"அவர் தப்புன்னு அவர்கிட்டயே எப்படி சார் சொல்றது?"

"முதல்ல எடுக்கட்டும்."

அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.