கோயில் காட்டு ஓரத்தில் எட்டு நொடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை 7.25 மணிக்கு, அரிமளத்துக்குச் சற்று முன்னால், ஒரு கோயில் காட்டின் ஓரத்தில் நான் ஓர் அற்பத்தனம் செய்தேன்.

மணி எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்கிறீர்களா? இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்கள் கேட்கமாட்டார்கள். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியிலிருந்து, எந்த ஊரில் எத்தனை நாய் துரத்தியது என்பது வரை நோட்டில் எழுதி வைப்பவள் நான். அடுத்தவர் செய்ததை எல்லாம் எழுதிவிட்டு, நான் செய்ததை மட்டும் விட்டுவிட முடியுமா?

ஆகவே, இந்த வாரம் வாக்குமூலம்.

எனக்கு ஒரு நாத்தனார். பெயர் வளர்மதி. என்னைவிட நான்கு வயது இளையவள். அவள் கணவருக்கு ஸ்பெயினில் வேலை. ஜிரோனா என்ற பழைய நகரத்தில் எட்டு வருடமாக இருக்கிறார்கள். கடந்த இரண்டு வருடமாக வளர்மதி அங்கே சைக்கிள் ஓட்டுகிறாள். தார் ரோட்டில் அல்ல. நகரத்தைத் தாண்டி வயல், தோப்பு, குன்று என்று போகும் சரளைப் பாதைகளில். அதற்கென்றே தனி சைக்கிள் உண்டு... ‘கிராவல் பைக்’.

நம் ஊரில் கிராவல் என்றால் லாரியில் அள்ளுவது. அங்கே அதன் மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

ஞாயிறு ராத்திரி நாங்கள் சாப்பிட்டு எழுவதற்குள் அவளுடைய போட்டோக்கள் வந்துவிடும். ஆற்றின் இருபுறமும் மஞ்சளும் ஆரஞ்சுமாக வீடுகள். பின்னால் பெரிய தேவாலயம். பிறகு திராட்சைத் தோட்டம். தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்தத் தடத்திலேயே போட்ட சைக்கிள் பாதை. ஏதோ கிராமத்துச் சதுக்கத்தில் இத்தனூண்டு கப்பில் காப்பி.

என் கணவர் போனை நீட்டுவார். “பாரு, பாப்பா இன்னைக்கு அறுபது கிலோமீட்டர் போயிருக்கு!”

அறுபது கிலோமீட்டரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு போட்டோவில், பாதை பிரியும் இடத்தில் ஒரு கம்பம் நின்றது. அதில் ஒரு எண், ஒரு அம்புக்குறி. ஒவ்வொரு திருப்பத்திலும் அப்படி உண்டாம். அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறவே தவறாதாம். அந்தக் கம்பம்தான் என்னைக் கொன்றது.

ஏனென்றால், நிலவரைபடம் வரைவது என் வேலை. கிராம வரைபடங்களில் வண்டிப்பாதை என்று ஒன்று இருக்கும். மாட்டுவண்டி போன தடம். பாதி இடங்களில் இன்றைக்கு யாரும் போவதில்லை. ஆறு வருடமாக ஞாயிறுதோறும், அந்தத் தடங்களை ஒவ்வொன்றாக சைக்கிளில் போய்ச் சரிபார்த்து, ஒன்றோடொன்று கோத்து ஒரு வழி உண்டாக்கியிருக்கிறேன். திருக்கோகர்ணத்தில் என் வீட்டு வாசலில் தொடங்கி, கண்மாய்க் கரை, தைலமரக் காடு, முந்திரித் தோப்பு என்று அரிமளம் வரை. போக வர 51.4 கிலோமீட்டர். தார் ரோடு அதில் பதினொன்று மட்டும்.

அதை யார் போட்டோ எடுத்தார்கள்? யார் போனை நீட்டினார்கள்? வீடு திரும்பினால் எனக்குக் கிடைப்பது ஒரே வாக்கியம். “இட்லி ஆறிப்போச்சு.”

வளர்மதி இரண்டு வார லீவில் வந்தாள். கூடவே ஆள் உயர அட்டைப் பெட்டி. உள்ளே அந்த சைக்கிள்.

என் கணவர் கூடத்தில் பெட்ஷீட் விரித்து அதைக் குழந்தையைப் போல எடுத்து வைத்தார். “பாப்பா, இந்த நட்டை எவ்வளவு டைட் பண்ணணும்?”

பாப்பாவுக்கு வயது நாற்பத்தேழு. என் சைக்கிளுக்கு இவர் ஒருமுறை காற்றடித்துக் கொடுத்ததாகக்கூட என் நோட்டில் பதிவு இல்லை. இந்த மாவட்டத்தில் பெண்கள் கூட்டங்கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட காலத்தில், பாப்பா கேரியரில் மட்டும்தான் உட்காருவாளாம். சொன்னவர் இவரேதான்!

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? ஆள் கடல் தாண்டி இருக்கும் வரை அது போட்டோ அளவில்தான் இருக்கும். அதே ஆள் நம் கூடத்தில் பெட்டியைப் பிரித்தால்தான் அதற்குக் கை கால் முளைக்கும்.

“அண்ணி, ஞாயித்துக்கெழமை ஒங்க ரூட்ல என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள் வளர்மதி. “நீங்க ரொம்ப தூரம் போறீங்கன்னு அண்ணன் பெருமையாச் சொல்லுச்சு.”

சொன்னாராமா? பெருமையாகவா? என்னிடம் சொன்னதில்லை.

மூன்று நாள் தயாரானேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். திரும்பி வரும்போது அவள் வாயால், “எங்க ஊர்லகூட இப்படி இல்ல அண்ணி” என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஆசையில்லை.

ஞாயிறு காலை 5.40. மூன்று பேர். மூன்றாமவர் செல்வராணி டீச்சர். ஆறு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறாமல் என்னோடு வருபவர். வழக்கமாக எனக்குப் பத்தடி பின்னால், நான் சொல்லும் பக்கம் திரும்பிக்கொண்டு வருவார். அன்றைக்கு அந்த சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“யம்மாடி, பூ மாதிரில்ல இருக்கு!”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு டீச்சர் வளர்மதிக்குப் பக்கத்திலேயே போனார். வழி தெரிந்தவள் நான், முன்னால் தனியாக. பின்னால் இரண்டு பேரும் பேசிச் சிரிக்கும் சத்தம்.

“எங்க ஊர்லயும் செல எடத்துல இதே செவப்பு மண்ணுதான் டீச்சர். ஆனா வழியில குழா இருக்கும், தண்ணி புடிச்சுக்கலாம்.”

எங்க ஊராம்! கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு சொல்கிறாள்.

“எங்க ஊர்லயும் நாய் உண்டு. ஆனா கட்டிப் போட்டுருப்பாங்க.”

டீக்கடையில் கடைக்காரர் கிளாஸைக் கழுவாமல் எழுந்து வந்து அந்த சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். வளர்மதியோடு சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மாதம் இரண்டு முறை அதே கடையில் டீ குடிக்கும் என்னிடம் போனைக் கொடுத்தார். எடுத்தேன். தலை வெட்டாமல், ஒழுங்காகத்தான் எடுத்தேன்.

அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் அந்தக் கோயில் காடு.

சாமிக்கென்று விட்ட காடு. உள்ளே ஒரு சுள்ளி ஒடிக்கமாட்டார்கள். என் வண்டிப்பாதை அதன் நடுவே 600 மீட்டர் போகிறது. நுழையும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு கல். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கமே செருப்பைக் கழற்ற வேண்டும், வண்டியை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அம்பும் இல்லை, எண்ணும் இல்லை, போர்டும் இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அங்கே ஆடு மேய்க்கும் பஞ்சவர்ணம் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. “எறங்கித் தள்ளிக்கிட்டுப் போனா எப்ப வேணாப் போ. ஒரு தரம் ஏறி ஓட்டுனாலும் ஊருல சொல்லி முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சுப்புடுவேன்” என்றார்.

அடைத்தால் என்ன ஆகும்? வேறு வழி மெயின் ரோடுதான். ஜல்லி லாரிகள் வரிசையாக வரும் ரோடு. அதில் போக டீச்சர் ஒத்துக்கொள்ளமாட்டார், நானும் போகமாட்டேன். அந்த 600 மீட்டர் கைவிட்டுப் போனால் 51.4 கிலோமீட்டரும் போன மாதிரி. ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளும்தான்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

டீச்சரின் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. பின்னால் நின்று மாட்டிக்கொண்டிருந்தார். வளர்மதி என்னைத் தாண்டி முன்னால் போயிருந்தாள். நேரான பாதை, உற்சாகம். அவளுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே ஐம்பது மீட்டர். அவள் போன வேகத்துக்கு எட்டு நொடி.

‘வளர், நில்லு’ என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? ஒன்று போதும்.

எனக்கு மனதில் ஓடியது வேறு. பஞ்சவர்ணம் கையை நீட்டி அவளை நிறுத்துவதையும், வாங்கு வாங்கென்று வாங்குவதையும், அந்த விலை உயர்ந்த ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் சுருங்குவதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பாதையைப் பற்றிய நினைப்பே வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

கல்லைத் தாண்டினாள். சருகு நொறுங்கும் சத்தத்தோடு உள்ளே பறந்தாள்.

“ஏய்! யாரு அங்கிட்டு ஓட்டுறது? எறங்கு கீழ!”

ஆடுகள் சிதறி ஓடின. பஞ்சவர்ணம் கம்போடு பாதைக்கு வந்துவிட்டார். நான் கல்லருகே இறங்கி, ஷூவைக் கழற்றி, உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கோபம் இரட்டிப்பானது.

“நீயா? ஒனக்குத்தான் தெரியும்ல? வழிய அடைச்சுப்புடுவேன்னு சொன்னேன்ல? கூட வர்ற ஆளுக்குச் சொல்ல மாட்டியா? நீ சொல்லலையா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன பொய் வந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் வளர்மதி முந்திக்கொண்டாள். அவள் அதற்குள் வண்டியைச் சாய்த்துவிட்டு ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“அண்ணி சொன்னாங்கக்கா. கத்திச் சொன்னாங்க. நான்தான் வேகமா வந்ததுல காதுல வாங்கல. என்னைய வையிங்க.”

பஞ்சவர்ணம் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

“யாரு ஒனக்கு?”

“எங்க அண்ணன் பொண்டாட்டி.”

“சரி. வண்டிய இங்கயே போட்டுட்டு, திரும்பிக் கல்லு வரைக்கும் போ. அங்கேருந்து நடந்து வா. வந்து சாமிகிட்டச் சொல்லிட்டுப் போ.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீயும் போ.”

இரண்டு பேரும் நடந்தோம். அவள் கால் சரளைக்குப் பழகாத கால். ஒவ்வோர் அடிக்கும் ‘ஸ்... ஸ்...’ என்றாள். ஆனால் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சிரமப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஏங்கிய காட்சி. ஒரு துளி சந்தோஷம் இல்லை.

“ஏன் அப்படிச் சொன்னே?” என்றேன்.

“ஒங்களுக்கு இந்த வழி வேணும்ல அண்ணி. நான் நாளைக் கழிச்சுப் போயிருவேன்.”

நான் சொல்லாமல் விட்டது மறதி என்று நினைத்தாளா? புரிந்துகொண்டுதான் சொன்னாளா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளுடைய ஆறு, தேவாலயம், கம்பம், காப்பி எல்லாவற்றின் மேலும் பட்ட பொறாமையை ஒரு தட்டில் வையுங்கள். அந்த நிமிடம் அவளுடைய அந்த மனசின் மேல் வந்த பொறாமை அதைவிடக் கனமாக இருந்தது.

கல்லருகே டீச்சரும் வந்து சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் நடந்து போய்ச் சாமி முன்னால் நின்று கும்பிட்டோம். வளர்மதி மேலே பார்த்தாள். மரங்கள் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு சத்தமும் இல்லை.

“எங்க ஊர்லகூட இப்படி ஒரு எடம் இல்ல அண்ணி.”

சொல்லிவிட்டாள்! எழுத்துக்கு எழுத்து நான் ஆசைப்பட்டபடி. வாங்கிக்கொள்ளத்தான் எனக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது.

கிளம்பும்போது பஞ்சவர்ணத்திடம் அவள் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வளர்மதி விமானம் ஏறினாள். புதனும் எனக்குத் தூக்கம் சரியில்லை. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, தனியாக சைக்கிளில் அந்தக் காட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் பஞ்சவர்ணம் முள்ளை வெட்டிப் போடலாம். போட்டால் எல்லாம் முடிந்தது. சொல்லாமல் விட்டால், ஒவ்வொரு ஞாயிறும் இன்னொருத்தியின் பொய்யை உருட்டிக்கொண்டு அந்த 600 மீட்டரை நடக்க வேண்டும். என்னால் ஆகாது.

“பஞ்சவர்ணம், அன்னைக்கு அவ சொன்னது பொய். நான் சொல்லல. வேணும்னேதான் சொல்லல.”

அவர் ஆட்டுக்குத் தழை போடுவதை நிறுத்தவில்லை.

“அதான் தெரியுமே. அந்தப் புள்ள பேசையில நான் ஒம் மொகத்தத்தான பாத்தேன். புளியங்காயக் கடிச்ச மாரில்ல இருந்துச்சு.”

“அப்பறம் ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?”

“அந்தப் புள்ளையே ஒன்னைய விட்டுக்குடுக்கல. நடுவுல நான் யாரு?”

“பாதை...?”

“பாதைக்கு என்ன, கெடக்கு. இந்த வாரம் பூராம் வெக்கப்பட்டேல்ல? அது போதும். போ, ஒருக்கா கல்லுலேர்ந்து நடந்துட்டு வந்து சாமிகிட்ட நீயே சொல்லிரு.”

நடந்தேன். சொன்னேன். மனசு லேசாகித்தான் போனது, மறைக்கவில்லை. சைக்கிளில் ஏறப் போகும்போது பஞ்சவர்ணம் பின்னாலேயே வந்தார். ஏதோ கேட்க வெட்கப்படுகிறவர் மாதிரி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

“அந்தப் புள்ள திரும்ப எப்ப வருது?”

“அடுத்த வருசம்தான்.”

“வந்தா ரெண்டு நாள் முந்தியே சொல்லு. மரம் ஏறச் சொல்லி நல்ல நுங்காப் பாத்து வெட்டி வைக்கிறேன்.”

நான்கு வருடமாக அந்த வழியில் போகிறேன். ஒரு நுங்கு கண்ணில் காட்டியதில்லை!