சீட் நகராது, அங்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா காரைக் கிளப்புவார். எங்கேயும் போவதற்காக அல்ல. கிள்ளானில் எங்கள் வீட்டு போர்ச்சில் நின்றபடியே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார். பிறகு அணைத்து, கதவைப் பூட்டி, உள்ளே வந்து தேநீர் கேட்பார். ஓட்டாமல் போட்டுவைத்த காரில் பேட்டரி செத்துவிடும், அதனால்தான் என்பார். அவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். வண்டியைப் பற்றி அவர் ஒன்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

எனக்கு அப்போது எட்டு வயது. பேட்டரியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் அப்பா அந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பற்றித்தான். அப்பா நல்ல உயரம். வீட்டு நிலைப்படியில் வாரத்துக்கு ஒருமுறையாவது தலையை இடித்துக்கொள்வார். ஓட்டுகிறவர் இருக்கையோ ஸ்டீயரிங்கை ஒட்டி வெகுவாக முன்னால் கிடந்தது. முதுகைக் குறுக்கி, முழங்கால்களை ஸ்டீயரிங்கின் இரு பக்கமும் இடிக்க வைத்துக்கொண்டு, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளில் ஏறிவிட்ட பெரியவரைப் போல அவர் உட்கார்ந்திருப்பார். இருக்கை சிக்கிக்கொண்டுவிட்டது, பின்னால் தள்ள முடியவில்லை, பாவம் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். அந்த வயதில் நான் இப்படி முடிவுகட்டிய விஷயங்களுக்குக் கணக்கில்லை.

கார் அம்மாவுடையது. ஜப்பான் கார். அம்மா கைக்கு வரும்போதே இரண்டு பேர் ஓட்டி முடித்திருந்தார்கள். பால் அதிகமான தேநீரின் நிறம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் அம்மாவுக்கு வேலை. தினமும் கிள்ளானிலிருந்து அந்த நெரிசலில் ஓட்டிக்கொண்டு போய் வருவாள். பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் அழைத்துப் போவாள். நான் அவளுக்கு நேர் பின்னால்தான் உட்காருவேன். அம்மா குள்ளம், இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளித்தான் அவளுக்குக் கால் எட்டும். அதனால் பின்னால் எனக்கு ஏக இடம். காலை நேராக நீட்டினால் இரண்டு கட்டைவிரல்களும் மட்டும் அவளுடைய இருக்கையின் முதுகில் போய்த் தொடும். லேசாக அழுத்துவேன். "முதுக சொறியிறியா, இல்ல ஒதைக்கிறியா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பாள். எங்களுக்குள் அது தினப்படி விளையாட்டு.

கார் பழுதாகி நின்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. நேரத்துக்கு எண்ணெய் மாற்றினால் போதும், வேறு ஒன்றும் கேட்காது என்று அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லுவாள். ஏர்கோன் போட்டால் உள்ளே சந்தையில் ஐஸ் போட்ட மீன் பெட்டிதான் என்பாள். அப்பா அவளை அந்தக் கம்பெனியின் ஏஜெண்ட் என்று கேலி செய்வார். ஒர்க்‌ஷாப்பில் காத்திருந்தபோது ஏதோ ஒரு பத்திரிகையில் அந்தக் கம்பெனியின் கதையையும் படித்து வைத்திருந்தாள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில் எனக்குச் சொன்னாள். அவர்கள் முதலில் கார் செய்தவர்கள் இல்லையாம், துணி நெய்யும் தறி செய்தவர்களாம். அந்தத் தறியில் ஒரே ஒரு நூல் அறுந்தாலும் போதும், தறி தானாகவே நின்றுவிடுமாம். துணி கெட்டுப்போகக் கூடாதே.

"அப்படின்னா நம்ப காடியும் நிக்குமாம்மா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் காரைக் காடி என்றுதான் சொல்வோம்.

"நம்ப காடியில ஒன்னும் அறுந்து போகலயே. அதான் ஓடிக்கிட்டே இருக்கு" என்றாள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடேயே வேலைக்குப் போய், காய்ச்சலோடேயே ஓட்டி வந்து, போர்ச்சில் ஒழுங்காக நிறுத்திவிட்டு, கட்டிலில் போய் விழுந்தாள். அப்பா லோரியோடு ஜொகூர் போயிருந்தார். பக்கத்து வீட்டு அங்கிள்தான் தன் வேனில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஐந்தாம் நாள் அம்மா போய்விட்டாள்.

கார் நிறுத்திய இடத்திலேயே நின்றது. எங்கேயோ நூல் அறுந்துவிட்டது, அதனால் காடி தானாகவே நின்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். இதையும் யாரிடமும் சொல்லவில்லை.

என்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா வந்து தங்கினார். அத்தை நல்லவர், ஆனால் சும்மா கிடக்கும் எந்தப் பொருளையும் அவர் கண்ணில் காட்டக்கூடாது. ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தார்.

"நீ போறது மோட்டார் சைக்கிள்ல. பிள்ள போறது பள்ளி பஸ்ல. எனக்கு ஓட்டத் தெரியாது. யாருக்குடா அந்தக் காடி? ஜப்பான் காடி, இப்ப குடுத்தாத்தான் மதிப்பா எடுப்பாங்க. நாளைக்குத் துரு புடிச்சதுக்கு அப்புறம் ஓசியில குடுத்தாலும் வேணாம்பாங்க லா."

அப்பா ரசத்தை ஊற்றிக்கொள்வார். ஒருநாள் மட்டும் "சரிக்கா, யாராச்சும் கேட்டா பாக்கலாம்" என்றார். அத்தைக்கு அது போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காப்பாரிலிருந்து ஒருவர் வந்து நின்றார்.

கார் போய்விட்டால் அம்மாவுக்குப் பின்னால் உட்காரும் இடமும் போய்விடும். பூட்டித்தான் வைத்திருந்தார்கள், நான் அதில் ஏறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. இருந்தாலும் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினால் என் இடம் தெரியும். தினமும் பள்ளி விட்டு வந்ததும் அதைத்தான் செய்தேன்.

காப்பார் அங்கிள் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், சிரித்த முகம். மகளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது, அவள் போய்வர வேண்டும் என்றார். அவருடைய அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றுவதற்கு இதே கம்பெனி வண்டிதான் வைத்திருக்கிறாராம். "சேத்துல எறக்குவான், மழையில போட்டு வைப்பான், ஒரு நாளும் கழுவ மாட்டான். ஆனா சாவியப் போட்டா மொத திருகுலயே எந்திரிச்சிரும்" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் நான்கு எலுமிச்சம்பழம். புதிதாக வாங்கும் காரின் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் வைத்து நசுக்கிவிட்டு எடுத்துப்போவது வழக்கம். மனிதர் பழத்தோடேயே வந்துவிட்டார் என்றால் வாங்குவது என்று தீர்மானித்துத்தான் வந்திருக்கிறார்.

அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். கதவுகளைத் திறந்து சாத்தினார். அப்பா காரின் கிராண்டை, அதாவது உரிமைப் பத்திரத்தை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனார். அத்தை கலர் தண்ணீர் கலக்கப் போனார். காப்பார் அங்கிள் அதற்காகவே காத்திருந்தவர் போல என்னிடம் திரும்பினார். பழைய கார் வாங்குகிறவர்கள் விற்கிறவரிடம் உண்மையைக் கேட்கமாட்டார்கள். வீட்டுப் பிள்ளையிடம்தான் கேட்பார்கள். பிள்ளைகள் பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை.

"பாப்பா, அங்கிள்கிட்ட சொல்லு. இந்தக் காடியில என்ன கோளாறு?"

இப்படி ஒரு வாய்ப்பு தானாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கார்க் கோளாறு எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சாப்பிடும்போது தன் லோரியைப் பற்றிச் சொல்லும் புலம்பல்தான். அதையே எடுத்து விட்டேன்.

"ஏர் பிரேக்குல காத்து எறங்குது அங்கிள். ஏத்தம் ஏறினா கறுப்புப் புகை வருது. டயர் பதினெட்டும் தேஞ்சு போச்சு."

காப்பார் அங்கிள் நான்கு டயர்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பதினெட்டா? மிச்சம் எங்க பாப்பா, வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்களா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கைவசம் இருந்த ஒரே நிஜமான கோளாறைக் கடைசியாக எடுத்தேன்.

"சீட் நகராது அங்கிள். சத்தியமா. அப்பா முட்டிய இடிச்சிக்கிட்டுத்தான் உக்காருவாரு. எல்லா ஞாயித்துக்கெழமையும்."

இது பொய்யில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரிப்பை நிறுத்தினார். கதவைத் திறந்து, ஒருக்களித்து உள்ளே நுழைந்து உட்கார்ந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டு எதையோ தூக்கினார். இருக்கை டக் டக் டக்கென்று பின்னால் போய், கடைசியில் போய் நின்றது.

"எங்க சிக்குது? வெண்ணெ மாதிரி போவுதே!" என்றார். ஜப்பான்காரனுக்கு ஒரு பாராட்டும் சொன்னார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். திரும்பினால் அப்பா வாசற்படியில் நிற்கிறார். கையில் கிராண்ட். அவர் என்னையும் பார்க்கவில்லை, காப்பார் அங்கிளையும் பார்க்கவில்லை. அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன பொய்களைக் கேட்டுவிட்டார், இன்றைக்கு முதுகு பழுக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"அண்ணே" என்றார். கிராண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மன்னிச்சிக்குங்கண்ணே. காடி குடுக்கிற மாதிரி இல்ல."

"வெல பத்தலயா தம்பி? பேசிக்கலாம்."

"வெல இல்லண்ணே."

காப்பார் அங்கிள் அப்பாவின் நெடிய உருவத்தைப் பார்த்தார். இருக்கை முன்பு இருந்த இடத்தைப் பார்த்தார். அடியில் இருந்த கையைச் சுடுபொருளைத் தொட்டவர் போல எடுத்தார்.

"தங்கச்சி ஓட்டின காடியா?" என்று மெல்லக் கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். அங்கிள் இறங்கி, அப்பாவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, தன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். எலுமிச்சம்பழப் பையைச் சுவரின் மேல் மறந்து வைத்துவிட்டார். அத்தை கோபத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் பழத்தை ஊறுகாய் போட்டுவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு டயர் வேலை செய்துவிட்டது! அடுத்த வீட்டுத் தோழியிடம் உடனே சொல்லியாக வேண்டும். நான் வெளிக்கதவைத் திறக்கும்போது அப்பா காருக்குள் ஏறினார். இருக்கையை முன்னால் தள்ளினார். டக், டக். கொஞ்சம் பின்னால் இழுத்தார். மறுபடி முன்னால். இறங்கி, வெளியிலிருந்து குனிந்து பார்த்தார். மறுபடி ஏறினார். அங்கிள் சரிசெய்து கொடுத்ததைச் சோதித்துப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

"பாப்பா" என்று கூப்பிட்டார். "அம்மா ஓட்டுறப்ப சீட் எது வரைக்கும் இருக்கும்? ஒனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

"தெரியாதுப்பா!" என்று கத்திவிட்டு ஓடிவிட்டேன்.

எனக்குத் தெரியும். பின்னால் ஏறி உட்கார்ந்து காலை நீட்டியிருந்தால் போதும். கட்டைவிரல்கள் எங்கே தொடுமோ அதுதான் அம்மாவின் இடம். ஐந்து மாதத்தில் கால் எவ்வளவு வளர்ந்திருக்கப்போகிறது? அந்த வீட்டில் அதற்கு இருந்த ஒரே அளவுகோல் நான்தான். நான் பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. நான் வளர்ந்து, விஷயம் விளங்கி, சொல்லலாம் என்று நினைத்தபோது அவரும் இல்லை.

இப்போது நான் ஓட்டுவதும் அதே கம்பெனியின் கார்தான். வாங்கப் போனபோது விற்பனைப் பெண் கதவில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டினாள். யார் வந்து உட்கார்ந்து இருக்கையை மாற்றினாலும், இதை ஒருமுறை அழுத்தினால் போதும் ஆன்டி, பழைய இடத்துக்கே வந்துவிடும் என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவள் விலைப் பட்டியலைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்து, மேனேஜரிடம் கேட்டுக் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னாள்.

காப்பார் அங்கிள் வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா காரைக் கிளப்பினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே குறுக்கிய முதுகு, ஸ்டீயரிங்கில் இடிக்கும் அதே முழங்கால்கள். பாவம், சீட் மறுபடியும் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.