ஒரு விரல் நீளக் குடுமி

பாட்டில்களுக்கு மூடி திருகும் மெஷின் கை பாதி வழியில் துள்ளி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"நான் தொடவே இல்ல மாமா," என்றாள் மெஷின் ஓட்டுகிறவள். பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியனின் மனைவிக்குத் தங்கை அவள். "காலையிலேர்ந்து மூணாவது தடவை. சூப்பர்வைசர் என் கையையே பார்க்கிறாரு. நாளைக்கும் நின்னா அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிடுவாராம்."

எலக்ட்ரீஷியனைத் தொழிற்சாலையில் சீப்பு என்பார்கள். அவர் கட்டிய பேனலில் ஒயர்கள் வாரிவிட்ட தலைமுடியாகப் படிந்திருக்கும். இந்த மெஷினின் பேனலும் அவர் கட்டியதுதான், போன மாதம். மோட்டாரைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், சென்சாரைத் துடைத்தார். பேனலை மட்டும் திறக்கவில்லை.

"அதையும் தொறங்களேன்."

"அது என் கை வேலைம்மா."

"அப்ப என் கைதான் கோளாறா?"

மெயினை அணைத்து, சற்றுப் பொறுத்துத் திறந்தார். கதவின் உள்பையில் மோட்டாரை இயக்கும் டிரைவோடு வந்த குறிப்புத் தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. இப்போதுதான் விரித்தார்.

மோட்டார் கேபிளுக்குள் ஒயர்களைச் சுற்றிச் செம்புவலை இருக்கும். மின் இரைச்சல் வெளியே போகாமல் தடுப்பது அது. அவர் அந்த வலையை முறுக்கி, ஒரு விரல் நீளத்துக்கு எர்த்தில் திருகியிருந்தார். பழைய மோட்டார்களுக்கு அது போதும். தாளில் அப்படி முறுக்கிய படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி. வலையைச் சுற்றிலும் வெற்று உலோகத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். இல்லையென்றால் இரைச்சல் பக்கத்து சென்சார் ஒயரில் ஏறும். மெஷின் கை எங்கே இருக்கிறதென்று டிரைவுக்குத் தெரியாமல் போகும்.

அவள் எட்டிப் பார்த்தாள். "குடுமி போட்டுவிட்டிருக்கீங்க! குடுமி சும்மா ஆடாதும்பாங்க. இங்க கையில்ல ஆடுது."

சிரிப்பு வந்தது அவருக்கு. சத்தமில்லாமல் சரிசெய்து மூடிவிடலாம். ஆனால் பழி இவள் கைமேலேயே நிற்கும். தானே போய் சூப்பர்வைசரை அழைத்து வந்தார்.

"தப்பு என்னோடது சார். இவ கைல ஒண்ணுமில்ல."

சூப்பர்வைசர் உள்ளே குனிந்து பார்த்தார். "சீப்புலயே சிக்கா?"

"ஆமா சார்."

"சரி, எடுங்க. அந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

எலக்ட்ரீஷியன் பேனல் தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, குடுமியை வெட்டி, புதிதாக வலையை உரித்து, சுற்றிக் கவ்வும் கிளாம்ப் போட்டு இறுக்கினார்.

மறுநாள் மெஷின் ஒருமுறை நின்றது. மூடி தீர்ந்திருந்தது; அவள் கொட்டி நிரப்பினாள். அவர் தான் கட்டிய மற்ற பேனல்களைத் திறந்தார். இரண்டை மாற்றினார். மூன்றாவதற்குக் கிளாம்ப் இல்லை. ஸ்டோரில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.