காலி மங்கு கூப்பிட்ட மதியம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில் ஒரு கோப்பிக் கடையின் மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது நடந்தது இது. கோலாலம்பூரில் அச்சாகும் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பேராக் மாநிலச் செய்திகளை அனுப்புவது என் வேலை.

அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர் இளைஞர்களிடையே சி.பி. ரேடியோ மோகம் பரவியிருந்தது. காரிலோ வீட்டிலோ வைத்துக்கொள்ளும் சிறிய பெட்டி. கூரைமேல் ஒரு ஏரியல். மைக்கில் உள்ள பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் மற்றவர் பேசுவதைக் கேட்கலாம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இடையில் புக வேண்டியவர் 'பிரேக்' என்று சொல்லி வழி கேட்பார். பெட்டிக்கு லைசன்ஸ் வாங்கியவர்கள் சிலர், வாங்காதவர்கள் பலர். அதனால் யாரும் சொந்தப் பெயரையோ இருக்கும் இடத்தையோ சொல்வதில்லை. எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. வடக்கே செமோரிலிருந்து தெற்கே சிம்பாங் பூலாய் வரை எங்கெங்கோ இருந்த தமிழர்கள் ஒரே சேனலில் கூடி, முகம் தெரியாமல் பல மணி நேரம் பேசுவார்கள். அரட்டை, பாட்டு, கேலி, சண்டை எல்லாம் அதில் உண்டு.

செய்தி ஏதாவது காதில் விழும் என்று நானும் ஒரு பழைய பெட்டி வாங்கினேன். ரேடியோ பழுது பார்க்கும் ஒரு அண்ணன் மலிவாகக் கொடுத்தார். பெட்டியில் மைக் இல்லை. "மைக் பிறகு தேடித் தாரேன்லா. இப்போ கேட்டுக்கிட்டு இரு, பேப்பர்காரனுக்கு வாய் எதுக்கு?" என்று சிரித்தார். ஆகவே அந்தச் சேனலில் நான் வெறும் காது.

அங்கே பெரிய ஆள் டைகர். அவர் குரல் வந்தால் மற்றவர்கள் வழிவிடுவார்கள். அவருக்கு எப்போதும் தாளம் போடுகிறவர் ரம்புத்தான். எனக்குப் பிடித்தது, மூக்கால் பேசும் காலி மங்குவின் குரல். மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் கோப்பை. அவர் இருந்த தோட்டத்தில் மரங்களை வெட்டிவிட்டார்கள் என்பதும், எண்ணெய்ச் செம்பனை போடுவதா வீடு கட்டுவதா என்று புது முதலாளி இன்னும் முடிவு செய்யவில்லை என்பதும், பெரும்பாலான குடும்பங்கள் வெளியேறிவிட்டன என்பதும் அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. "மரமே இல்லை, மங்கு மட்டும் இருக்கு. அதான் காலி மங்கு" என்பார். தோட்டத்தின் பெயரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

சில மாலைகளில், காற்றுவாக்கோ வானத்தின் போக்கோ, எங்கோ தூரத்து நாட்டுக் குரல்கள் எங்கள் சேனலுக்குள் வந்து விழும். ரேடியோ அண்ணன் கத்தோலிக்கர். முன்பொருமுறை அவர்கள் மாதா கோயிலுக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பாதிரியார் பேசிய மொழிதான் இது, ஸ்பானிஷ் என்றார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஒருநாள் அங்கே ஒருவர் மட்டும் எதையோ கெஞ்சிச் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் வேறு யாரோ பட்டனை அமுக்கி விசிலடித்தார்கள். பிறகு பலர் சேர்ந்து சிரித்தார்கள். "அங்கேயும் ஒரு டைகர் இருக்கான் போல" என்றார் அண்ணன்.

எங்கள் சேனலில் சண்டை ஒரு பொய் அழைப்பிலிருந்து தொடங்கியது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, ஒரு குரல் பதறிக்கொண்டு வந்தது. சிம்பாங் பூலாய் அருகே லோரி கவிழ்ந்துவிட்டது, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்றது. "நான் காலி மங்கு பேசுறேன், காலி மங்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. பலர் கார்களில் ஓடினார்கள். அங்கே லோரியும் இல்லை, ஆட்களும் இல்லை. திரும்பும் வழியில் டைகரின் கார் சறுக்கி வடிகாலில் இறங்கியது.

மறுநாள் காலி மங்கு வந்தபோது அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. தான் அல்ல என்று சத்தியம் செய்தார். எனக்கும் அவர் அல்ல என்றே தோன்றியது. உண்மையான காலி மங்கு தன் பெயரைச் சொல்லிப் பேசியதே இல்லை. அவர் குரலை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதற்கு அவசியம் இருக்கவில்லை. ஆனால் மழை இரைச்சலில் எல்லாக் குரலும் மூக்கால் பேசுவது போலத்தான் கேட்கும்.

"நீ இல்லேன்னா யாரு? உங்க தோட்டத்துப் பேயா?" என்று கேட்டார் ரம்புத்தான்.

"யாரோ என் பேரைச் சொல்லிட்டாங்க மச்சான். பேருக்கென்ன பூட்டா போட முடியும்?"

"அப்போ உன் சொந்தப் பேரைச் சொல்லு. எந்தத் தோட்டம்? நாங்க நேர்ல வாரோம்" என்றார் டைகர்.

காலி மங்கு தயங்கினார். பெட்டிக்கு லைசன்ஸ் இல்லை என்றார். வீட்டுக்கு ஆள் தேடி வந்தால் மனைவி பயந்துவிடுவாள் என்றார். அந்தத் தயக்கமே அவர் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. டைகர் தீர்ப்புச் சொன்னார்: இனி இவனை யாரும் பேச விடக்கூடாது.

அதைச் செய்வது சுலபம். ஒருவர் பேசும்போது வேறொருவர் தன் பட்டனை அமுக்கிப் பிடித்தால் போதும், பேசுகிறவரின் குரல் ஒரு நீண்ட இரைச்சலில் மறைந்துவிடும். பேசுகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. அவர் பேசி முடித்துப் பட்டனை விட்ட பிறகுதான், சிரிப்பைக் கேட்டுப் புரிந்துகொள்வார். அதன் பிறகும் காலி மங்கு தினமும் வந்து முயன்று பார்த்தார். தினமும் அவர் குரலை மூடினார்கள். சில வாரங்களில் அது அந்தச் சேனலின் விளையாட்டாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், பெட்டி பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காலி மங்குவின் குரல் வந்தது.

"பிரேக், பிரேக். யாராச்சும் கேக்கிறீங்களா? என் பொண்டாட்டிய..."

இரைச்சல்.

"...பாம்பு கடிச்சிருச்சு, காடி வேணும், ஏதாச்சும் ஒரு வண்டி..."

மறுபடியும் இரைச்சல். அது நின்றதும் ரம்புத்தானின் குரல் கேட்டது. "பாம்பாம்டா! போன தடவை லோரி, இந்தத் தடவை பாம்பு!" இன்னொருவர் மைக்கில் வாயை வைத்துப் பாம்பைப் போலச் சீறினார்.

"சும்மா போஹோங் அடிக்கிறான்லா, பொய்க்காரன். மூடு அவனை" என்றார் டைகர்.

யாரோ ஒருவர், எனக்குப் பழக்கமில்லாத குரல், "விடுங்க மச்சான், நெசமா இருக்கப் போவுது" என்றார். அவரையும் மூடினார்கள்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ரேடியோவுக்கு அருகில் குனிந்தேன். காலி மங்கு இப்போது தோட்டத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார். இத்தனை நாள் மறைத்த பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "செமோர்" என்பது கேட்டது. அடுத்த சொல் வரும்போதெல்லாம் யாரோ பட்டனை அமுக்கினார்கள். "செமோர், உள்ள..." இரைச்சல். "செமோர்ல இருந்து வந்தா..." இரைச்சல். என்னிடம் மைக் இல்லை. பெட்டியைப் பார்த்து வாய்விட்டே கத்தினேன், அவனைப் பேச விடுங்கடா என்று. அறைக்கு வெளியே ஒருவருக்கும் அது கேட்டிருக்காது.

கீழே இறங்கி, கோப்பிக் கடை முதலாளியிடம் கேட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"செமோர், டி மானா?" செமோரில் எங்கே?

தெரியாது என்றேன். பெயர் கேட்டார். அதுவும் தெரியாது என்றேன். அந்தப் பக்கம் எத்தனை தோட்டங்கள் இருக்கின்றன தெரியுமா என்றார். போன் செய்கிற நான் யார் என்று கேட்டார். என் பதில்கள் எனக்கே பொய்யைப் போல ஒலித்தன.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செமோருக்குப் போனேன். தோட்டம் தெரியாவிட்டால் ஏரியலைத் தேடலாம் என்பது மட்டுமே என் யோசனை. டவுனில் ஒரு மளிகைக் கடையில், ரேடியோவுக்காக உயரமான கம்பம் நட்டிருக்கும் வீடு எது என்று கேட்டேன். கடைக்காரர் உடனே சொன்னார். பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீடு ஒன்றின் கூரைக்கு மேல் மூங்கில் கட்டி வைத்திருக்கிறான் ஒரு பையன் என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன் அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து ஒரு காய்கறி வேனைக் கூட்டிப்போனதாகவும் சொன்னார்.

செம்மண் பாதையில் பாதி தூரத்தில் அந்த வேன் எதிரே வந்தது. புதருக்குள் ஒதுங்கி வழிவிட்டேன். பின்பக்கம் திறந்திருந்தது. கூடைகளுக்கு நடுவில் ஒரு பெண் படுத்திருந்தார். ஒல்லியான ஒருவர் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்காதே, தூங்காதேலா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். வண்டியைத் திருப்பி, மருத்துவமனை வரை பின்னாலேயே போனேன்.

அவர் மனைவி அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே இறந்திருந்தார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்டேன். சொல்ல முடியாது என்றார் மருத்துவர். இன்று வரை எனக்கு அதற்கு மேல் தெரியாது.

அன்று சாயங்காலம் ரேடியோ அண்ணனின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் தன் பெட்டியைப் போட்டு மைக்கை எடுத்தார். "காலி மங்குவோட சம்சாரம் செத்துப் போச்சு. நாளைக்கு எடுக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, தோட்டத்தின் பெயரையும் வழியையும் நிதானமாகச் சொன்னார். இந்த முறை யாரும் பட்டனை அமுக்கவில்லை.

மறுநாள் நானும் அண்ணனும் போனோம். லயத்தில் நான்கைந்து வீடுகளில்தான் ஆட்கள் இருந்தார்கள். வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பாதையோரமாகச் சில கார்கள் நின்றன. அந்தத் தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாத கார்கள். அவற்றில் ஏரியல் இல்லை. அதைத் திருகிக் கழற்றியிருந்தார்கள். அடிப்பகுதி மட்டும் கூரையில் தெரிந்தது.

தார்ப்பாய்க்கு வெளியே, வெயிலில், இளைஞர்கள் சிலர் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. முதலில் வருத்தத்தால் பேசாமல் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். லயத்து அக்கா ஒருவர் நல்ல உடல்வாகு கொண்ட ஒருவரிடம் போய், "நீங்க யாரு தம்பி? அவ தாய்வழியா?" என்று கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். "அப்போ எந்த ஊரு?" கையைத் தெற்குப் பக்கம் காட்டினார். "ஐயோ, வாய் பேச முடியாத பிள்ளையா?" என்று அக்கா அவர் கையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்தார். அவர் அதை வாங்கி, தலை குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் யார் டைகர், யார் ரம்புத்தான், யார் சீறியவர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

காலி மங்கு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈர வேட்டியோடு எழுந்து வந்து, அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் பேசியபோது வெயிலில் நின்ற அத்தனை தலைகளும் நிமிர்ந்தன.

"அக்கா, விடுங்க. எனக்குத் தெரிஞ்சவங்கதான்."

பிறகு அவர்களிடம், "தூக்க ஆள் பத்தலை. வாங்க" என்றார்.

வந்தார்கள். சொந்தக்காரர்களோடு அவர்களும் தோள் கொடுத்தார்கள். தோட்டத்துச் சுடுகாடு வரை போய்த் திரும்பும் வரை அவர்களில் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. லோரி கவிழ்ந்தது என்று பொய் சொன்னவர் அவர்களில் இருந்தாரா என்பது யாருக்கும் தெரியவில்லை.

நான் அனுப்பிய செய்தி, பாம்பு கடித்துப் பெண் மரணம் என்று சில வரிகளில் வந்தது. சேனலைப் பற்றி அதில் எதுவும் இல்லை. எழுதியிருந்தாலும் யார் பெயரைப் போட்டிருப்பேன்? சில வாரங்கள் அந்தச் சேனல் ஊமையாகக் கிடந்தது. பிறகு புதுப் பட்டப்பெயர்களில் பழைய குரல்கள் திரும்பி வந்தன. காலி மங்கு வரவில்லை. தோட்டத்தை முழுமையாகக் காலி செய்தபோது அவர் சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

'தெரிஞ்சவங்கதான்' என்று அன்று அவர் சொன்னது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று இத்தனை ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். அங்கே நின்றவர்களும், எங்கிருந்தாலும், அதையே யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.