மாலை போட்ட படத்தில் சிங்காரம்

முன்னறையிலிருந்து ஒப்பாரி கேட்டது.

"என் கூடப் பொறந்தவனே! பலகையில எழுதுன கை இப்பப் பாடையில கெடக்குதா! சிங்காரண்ணே!"

குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த சிங்காரம் அப்படியே நின்றுவிட்டார். தங்கை நவமணியின் குரல். மூன்று வருஷமாக அவர் கேட்க ஏங்கிய குரல். செத்துப்போனது தாம்தான் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

தேயிலை ஆலையில் வேலை செய்யும் சிங்காரத்துக்கு ஒரே ஒரு பைத்தியம். வேலை முடிந்ததும் தோட்டத்துக் கடைச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையைத் துடைத்து, அன்றைய சங்கதிகளை எழுதுவார். 'மேட்டு லயத்துக் குழாயில் தண்ணீர் இல்லை. துரை வீட்டு ரோஜாவுக்கு உண்டு.' தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து அழிப்பார். இவர் மறுபடியும் எழுதுவார். சனங்கள் சிரித்தால் அவருக்குப் பசியே எடுக்காது.

அந்தப் பாழும் பலகையில்தான் ஒரு நாள், தங்கை மகள் சாரதாவை லோரிக்காரன் ஒருவனோடு தானா ராத்தா டவுனில் பார்த்ததாகவும் எழுதினார். வேடிக்கையாகத்தான் எழுதினார். பெண் பார்க்க வரவிருந்தவர்கள் வரவில்லை. அவமானம் தாங்காமல் வீட்டை விட்டுப் போன சாரதா எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை தெரியாது. நவமணி தோட்டத்தை விட்டே போய், திரிங்காப்பில் பூத்தோட்ட வேலையில் சேர்ந்தாள். அண்ணன் தேடிப் போனபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன வாரம் ஈப்போவிலிருந்து பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். பலகையைப் பற்றி எழுதப் போகிறாராம். பக்கத்து வீட்டுக் காளிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலுக்கு ஓடி, சாமந்தி மாலை ஒன்றைக் கொண்டுவந்து சிங்காரத்தின் கழுத்தில் போட்டார்.

"சிரிக்காதீங்க. பத்திரிகை ஆசிரியர் மாதிரி இருங்க" என்றார் பத்திரிகைக்காரர்.

சிங்காரம் மூச்சை அடக்கிக்கொண்டு, விறைப்பாக நின்றார். படம் எடுத்து முடித்ததும் பத்திரிகைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்னு ஒரு வரி போட்டுடுங்க. அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்க."

பேப்பரில் படம் வந்தது. துரை வீட்டு ரோஜாவும் வந்தது. அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை.

பூக்களைச் சுற்ற முந்தாநாள் பேப்பரை விரித்தபோது நவமணி அந்தப் படத்தைப் பார்த்தாள். அண்ணன் கழுத்தில் மாலை. சிரிப்பில்லாத முகம். பேப்பரில் மாலையோடு அவள் பார்த்த முகங்களெல்லாம் நினைவஞ்சலி முகங்கள்தானே! யாரிடம் கேட்பாள், எதைக் கேட்பாள்? கிடைத்த லோரியில் ஏறி அலறிக்கொண்டு வந்துவிட்டாள்.

சிங்காரம் குவளையோடு முன்னறைக்கு வந்தார். தரையில் கிடந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, வீறிட்டாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த காளிமுத்து வாசலில் நின்று கத்தினார். "மனுசன்தான்லா நவமணி! பேய் எங்கியாச்சும் தேத்தண்ணி ஆத்துமா?"

நவமணி தாவி எழுந்து அண்ணனின் முகத்தை இரு கைகளாலும் தடவினாள். "இருக்கியாண்ணே! இருக்கியா!" சிங்காரம் குழந்தை போல அழுதார். மூன்று வருஷத்து வைராக்கியம் அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்தே போனது.

"உக்காரும்மா. இந்தா, குடி."

அவள் குவளையை வாங்கிக்கொண்டாள். சிங்காரத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு காளிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா காளிமுத்து! இத நாளைக்குப் பலகையில எழுதினா தோட்டமே சிரிக்கும்!"

குவளை நவமணியின் வாய்க்குப் போகவில்லை. மெதுவாகத் தரைக்கு வந்தது.

"எழுதுண்ணே. எம் பொண்ண எழுதுன. இப்ப என் அழுகையையும் எழுது."

"ஐயோ, இல்லம்மா! ஏதோ வாய் தவறி..."

"ஒனக்காக அழ வேண்டியத இன்னிக்கே அழுது தீத்துட்டேன். நெசமாச் சாகறப்ப எனக்குச் சொல்லி அனுப்பாதே."

வெளியே, அவளை ஏற்றிவந்த லோரிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"நவமணி! இனி எழுதவே மாட்டேன்! பலகைய அடுப்புல வச்சுடறேன், நவமணி!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. லோரி கியா பார்ம் மேட்டில் ஏறி, பனிக்குள் மறைந்தது. வாசலிலேயே நின்ற சிங்காரத்தைத் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, காளிமுத்து கதவைச் சாத்தினார்.